ஏன் எலியில் செய்யக் கூடாது?

சென்ற ஆண்டு நான் அனுப்பிய ஆய்வுத் திட்ட விண்ணப்பம் ஒன்று மூன்று மதிப்பீட்டாளர்களின் குறிப்புகளோடு திரும்பி வந்தது. முதல் இருவரும் செலவுக் கணக்கில் இரண்டு இடங்களைச் சுட்டிக்காட்டியதோடு நிறுத்திக்கொண்டார்கள். மூன்றாமவர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "இதை ஏன் எலியில் செய்யக் கூடாது?" அந்த வரியில் குத்தல் எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. மனித நோய்களைப் புரிந்துகொள்ள உதவும் என்று சொல்லிப் பொதுப்பணத்தைக் கேட்கிற ஒருவர், குளத்து நீரில் நீந்தித் திரியும் ஒற்றைச் செல் உயிரியை வைத்துக்கொண்டு ஏன் மெனக்கெடுகிறார் என்று யாருக்குமே கேட்கத் தோன்றும். பதில் எழுத எனக்குத் தரப்பட்ட இடம் 200 சொற்கள். அந்தப் பெட்டிக்குள் அடங்காமல் வெளியே தள்ளப்பட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

என் உயிரியின் பெயர் டெட்ராஹைமீனா. குளம், ஏரி, ஓடை என்று நன்னீர் நிற்கும் இடங்களில் வாழ்கிறது, பாக்டீரியாக்களைத் தின்கிறது. ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு நீளம். பேரிக்காய் வடிவ உடல் முழுவதும் வரிசை வரிசையாக, மெல்லிய மயிர்போன்ற குற்றிழைகள்; அவற்றைத் துடுப்புப்போல் அடித்துக்கொண்டு, சுழன்றபடியே முன்னேறும். சத்துள்ள திரவ ஊடகத்தில் 30 டிகிரி வெப்பத்தில் வைத்தால் மூன்று மணி நேரத்துக்குள் ஒன்று இரண்டாகிவிடும். மனிதருக்கு எந்த நோயையும் உண்டாக்குவதில்லை என்பதால், ஆய்வுக்கூடத்துக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளிடம் தயங்காமல் கொடுக்கலாம். ஒரு சொட்டு வளர்ப்பு நீரில் கறுப்பு வரைமையைத் தொட்டு வைத்து, பத்து நிமிடம் கழித்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்வேன். மைத்துகளை உணவென்று எண்ணி விழுங்கியிருக்கும். கண்ணாடி போன்ற உடலுக்குள் கடுகு கடுகாகக் கறுப்பு உருண்டைகள் நகர்ந்துகொண்டிருக்கும். "சார், சாப்பிட்டது அப்படியே தெரியுது" என்று ஒரு சிறுமி சொன்னாள். எட்டு ஆண்டுகளாக இந்த உயிரியைப் பற்றி நான் நிகழ்த்திய உரைகளில் எதுவும் அந்த வாக்கியம் அளவுக்குத் தெளிவாக இருந்ததில்லை.

இதைப் பராமரிக்கும் முறையையும் சொல்ல வேண்டும். சோதனைக்குழாயில் பத்து மில்லிலிட்டர் தண்ணீர், அதில் ஒரே ஒரு சோயா மொச்சை. ஆவியில் கிருமி நீக்கிய அந்தக் குழாயில் சில செல்களை விட்டு மூடிவைத்தால், மொச்சையிலிருந்து கசியும் சத்தை வைத்துக்கொண்டு அவை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். பக்கத்து ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குக் குளிரூட்டப்பட்ட அறை, காற்று வடிகட்டி, விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி, வார இறுதியிலும் வந்து கூண்டு மாற்றும் பணியாளர் எல்லாம் இருக்கின்றன. எங்களுக்கு ஒரு மர அலமாரியும் ஒரு கிலோ சோயாவும் போதும். ஆனால் மலிவு என்பதைக் காரணமாகக் காட்டி மதிப்பீட்டாளருக்குப் பதில் எழுத எனக்கு விருப்பமில்லை. மலிவான உயிரிகள் ஆயிரம் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை எந்தக் கேள்விக்கும் பதில் சொல்வதில்லை.

டென்மார்க்கின் உடலியங்கியல் அறிஞர் ஆகஸ்ட் குரோக் 1929இல் பாஸ்டன் நகரில் நடந்த பன்னாட்டு மாநாட்டில் பேசும்போது, உடலியங்கியலின் பல கேள்விகளுக்கு, அதை ஆராய்வதற்கு மிகவும் வசதியான ஏதோ ஒரு விலங்கு இருக்கவே செய்யும் என்றார். தம் ஆசிரியர் கிறிஸ்டியன் போர் நுரையீரலை ஆராய்ந்தபோது ஓர் ஆமையைப் பயன்படுத்தியதை உதாரணம் காட்டினார். அந்த ஆமையின் மூச்சுக்குழாய் கழுத்தில் மிக மேலேயே இரண்டாகப் பிரிந்துவிடுவதால், இரு நுரையீரல்களின் சுவாசத்தையும் தனித்தனியே அளக்க முடிந்தது. சுவாச ஆய்வுக்கென்றே படைக்கப்பட்ட விலங்கு என்று அதை ஆய்வுக்கூடத்தில் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார்களாம். பிற்காலத்தில் இந்தக் கருத்துக்குக் குரோக் கோட்பாடு என்றே பெயர் நிலைத்துவிட்டது. கோட்பாடு என்பது சற்றுப் பெரிய சொல். நல்ல தச்சர் வேலைக்கேற்ற உளியை எடுப்பதைப் போன்ற நடைமுறை அறிவுதான் அது. இருந்தும் அது எளிதில் மறந்துபோகிறது. கையில் இருக்கும் உளிக்கேற்ற வேலையைத் தேடுவதுதான் பழகிப்போகிறது.

இந்த நடைமுறை அறிவுக்கு மிகப் பிரபலமான சான்று ஊசிக் கணவாய். வீட்டில் கணவாய் கழுவியவர்களுக்கு அதன் உடல் அமைப்பு தெரிந்திருக்கும்: தலையைப் பிடித்து இழுத்தால் குடலும் மைப்பையும் சேர்ந்து வரும், உள்ளேயிருந்து கண்ணாடித் தகடு போன்ற முள்ளை உருவலாம், மிஞ்சுவது வெள்ளைக் கூம்பு. அந்தக் கூம்பைக் கீறி விரித்து, உட்சுவரின் மேல்பகுதியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், நட்சத்திரம்போல் ஒரு முடிச்சிலிருந்து வெண்ணிற இழைகள் விரிந்து செல்வது தெரியும். அந்த இழைகளில் சிலவற்றுக்குள் ஓடுவது ஒரு மில்லிமீட்டர்வரை தடிமனுள்ள ஒற்றை நரம்பிழை. நம் உடலின் நரம்பிழைகளில் பெரியவையே ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான் இருக்கும். ஆபத்து வந்தால் கூம்புத் தசை முழுவதும் ஒரே கணத்தில் சுருங்கி நீரைப் பீய்ச்சித் தப்பியோட வேண்டும். அதற்குச் செய்தி விரைந்து செல்ல வேண்டும். நம்முடைய நரம்புகளைப்போல் கொழுப்பு உறை சுற்றி வேகத்தைக் கூட்டும் வழி அதற்கு இல்லாததால், இழையையே தடிமனாக்கிக்கொண்டது. ஜே. இசட். யங் 1930களில் இதை எடுத்துக்காட்டும்வரை அவற்றை இரத்தக் குழாய்கள் என்றே எண்ணியிருந்தார்கள்.

1939 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிளிமத் கடலாய்வுக்கூடத்தில் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும், மெல்லிய கண்ணாடிக் குழல் மின்முனையை அந்த இழையின் வெட்டிய முனைவழியே உள்ளே செலுத்தி, நரம்புத் துடிப்பின்போது உள்ளுக்கும் வெளிக்கும் இடையிலான மின்னழுத்தத்தை நேரடியாக அளந்தார்கள். உட்புறத்தின் எதிர்மின்னழுத்தம் வெறுமனே சுழியத்துக்கு வந்து நின்றுவிடும் என்று அதுவரை கருதப்பட்டது. அது சுழியத்தைத் தாண்டி நேர்மின்னழுத்தமாகவே மாறியது. சில வாரங்களில் உலகப் போர் தொடங்கிவிட, வேலை ஆண்டுக்கணக்கில் நின்றது. போருக்குப் பிறகு தொடர்ந்த அளவீடுகள் 1952இல் ஐந்து கட்டுரைகளாக வெளிவந்தன. 1963இல் நோபல் பரிசு. கணவாய் நம்மோடு எந்த விதத்திலும் நெருங்கிய உறவுடையதன்று. நம்மிடம் கைக்கு எட்டாத அளவுக்குச் சிறியதாக இருக்கும் ஒன்று அதனிடம் ஊசி நுழையும் அளவுக்குப் பெரியதாக இருந்தது. ஆய்வாளருக்கு அது போதுமானதாக இருந்தது.

என் டெட்ராஹைமீனாவிடமும் அப்படி மிகையாக இருக்கும் பொருள் ஒன்றுண்டு. ஆனால் அது கண்ணுக்குத் தெரியாது.

இந்த ஒற்றைச் செல்லுக்குள் இரண்டு உட்கருக்கள் இருக்கின்றன. சிறிய உட்கரு அடுத்த தலைமுறைக்கான மூலப்படி. அதன் மரபணுக்கள் பேசுவதே இல்லை. பெரிய உட்கரு அன்றாட வேலைக்கான நகல். செல் உயிர்வாழத் தேவையான அத்தனை கட்டளைகளும் அதிலிருந்தே வருகின்றன. பத்திரப்பதிவு அலுவலகத்தில் மூலப் பத்திரத்தைப் பெட்டியில் பூட்டிவிட்டு, நகலை வைத்துக் காரியம் பார்ப்பதைப் போன்றது இது. இனச்சேர்க்கை நடக்கும்போது பழைய பெரிய உட்கரு அழிந்து, சிறிய உட்கருவின் வழித்தோன்றலிலிருந்து புதிய பெரிய உட்கரு உருவாகிறது. அப்போது குரோமோசோம்கள் துண்டு துண்டாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டும் பல நகல்களாகப் பெருகுகிறது. அதிலும் செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமுக்கான ஆர்.என்.ஏ.வைத் தரும் மரபணு மட்டும் தனியாக வெட்டியெடுக்கப்பட்டு, ஏறத்தாழ 10,000 குட்டிக் குரோமோசோம்களாகப் பெருகிவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனைகள் என்றால் 20,000 முனைகள். நம் செல் ஒன்றில் 46 குரோமோசோம்கள், 92 முனைகள்.

முனைகளை எண்ணுவதற்குக் காரணம் இருக்கிறது. பாய் முடைபவர் ஓரத்தை மடித்துக் கட்டாமல் விட்டால் கோரை பிரிந்துகொண்டே வரும். குரோமோசோமின் முனைக்கும் அப்படி ஒரு கட்டு இருக்க வேண்டும் என்பதை 1930களிலேயே பழ ஈயை ஆராய்ந்த ஹெர்மன் முல்லரும் மக்காச்சோளத்தை ஆராய்ந்த பார்பரா மெக்லின்டாக்கும் உணர்ந்திருந்தார்கள். முல்லர் அதற்கு டெலோமியர் என்று பெயரும் வைத்துவிட்டார். ஆனால் அந்தக் கட்டு எதனால் ஆனது என்று 40 ஆண்டுகளுக்கு யாருக்கும் தெரியவில்லை. 92 முனைகளை மட்டும் கொண்ட ஒரு செல்லிலிருந்து முனைகளைத் தனியே பிரித்தெடுப்பது அன்றைய உத்திகளுக்கு அப்பாற்பட்ட காரியம். டி.என்.ஏ. வரிசையைப் படிக்கும் கலையைக் கேம்பிரிட்ஜில் ஃபிரெட் சாங்கரின் ஆய்வுக்கூடத்தில் பயின்ற எலிசபெத் பிளாக்பர்ன், யேல் பல்கலைக்கழகத்தில் ஜோ காலிடம் வந்து சேர்ந்தபோது, அங்கே டெட்ராஹைமீனாவின் குட்டிக் குரோமோசோம்கள் காத்திருந்தன. முனையில் டி-டி-ஜி-ஜி-ஜி-ஜி என்ற ஆறு எழுத்துகள் மீண்டும் மீண்டும் வருவதை 1978இல் அவர்கள் வெளியிட்டார்கள். பத்து ஆண்டுகள் கழித்து மனிதக் குரோமோசோமின் முனை படிக்கப்பட்டபோது கிடைத்தது டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி. ஆறில் ஓர் எழுத்து மட்டும் வேறு.

அடுத்த கேள்வி, இந்த முனையைக் கட்டுவது யார் என்பது. பெர்க்லியில் பிளாக்பர்னின் மாணவியாக 1984இல் சேர்ந்த கேரல் கிரைடர், அப்படிக் கட்டும் நொதி ஒன்று இருந்தால் அது எப்போது மிகுதியாக இருக்கும் என்று எண்ணிப் பார்த்தவர்களுள் ஒருவர். விடை அந்த உயிரியின் வாழ்க்கையிலேயே இருந்தது: புதிய பெரிய உட்கரு உருவாகி, ஆயிரக்கணக்கான புதிய முனைகள் ஒரே நேரத்தில் முளைக்கும் இனச்சேர்க்கைக் காலத்தில்தான்.

அந்த இனச்சேர்க்கையை நான் மாதம் இரண்டு முறையாவது நடத்திவைக்கிறேன் என்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லலாம். டெட்ராஹைமீனாவில் ஆண், பெண் என்ற இரண்டு வகைகளுக்குப் பதிலாக ஏழு வகைகள் உண்டு. தன் வகையைத் தவிர மற்ற ஆறில் எதனோடும் ஒரு செல் சேரும். வயிறு நிறைந்திருந்தால் அதற்கு இதில் ஆர்வமே இருக்காது. எனவே முந்தைய மாலையே இரண்டு வகைச் செல்களையும் ஊடகத்திலிருந்து கழுவி, சத்தே இல்லாத உப்புக் கரைசலில் தனித்தனியாகப் பட்டினி போடுவோம். மறுநாள் காலை ஒன்றாகக் கலந்து, அசைக்காமல் வைக்க வேண்டும். தட்டைக் குலுக்கிக்கொண்டே இருந்தால் ஒன்றுகூடச் சேராது. முதல் மணி நேரத்தில் ஒன்றையொன்று உரசிச் செல்லும். பிறகு இங்கொன்றும் அங்கொன்றுமாக, இரண்டு பேரிக்காய்களைக் காம்புப்புறம் ஒட்டியதைப்போல் இணைகள் தோன்றும். தனியாக நீந்தும்போது இருந்த லாகவம் போய், ஒன்று ஒரு பக்கம் இழுக்க மற்றது மறுபக்கம் இழுக்க, தள்ளாடித் தள்ளாடிப் போகும். நான்கு மணி நேரம் கழித்துப் பார்த்தால் தனியாகத் திரிபவற்றைத் தேட வேண்டியிருக்கும். தட்டிலுள்ள கோடிக்கணக்கான செல்களும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஒரே கட்டத்தைக் கடக்கின்றன என்பதுதான் இதிலுள்ள வசதி. வேறு உயிரியில் ஒரு செல்லில் ஒரு கணம் நடந்து முடிந்துவிடும் வேலையை இங்கே குடுவை குடுவையாக அள்ளலாம்.

கிரைடர் அப்படி அள்ளிய செல்களின் சாற்றில்தான் தேடினார். 1984 டிசம்பர் 25 அன்று, விடுமுறை நாளென்றும் பாராமல் ஆய்வுக்கூடத்துக்குப் போய் ஒளித்தகட்டைக் கழுவிப் பார்த்தபோது, ஆறு எழுத்துக்கு ஒரு படியாக ஏணி போன்ற கோடுகள் தெரிந்தன: சாற்றிலிருந்த ஏதோ ஒன்று முனையை ஆறாறு எழுத்தாக நீட்டியிருந்தது. டெலோமரேஸ் என்று பின்னர் பெயர்பெற்ற அந்த நொதி மனிதப் புற்றுக்கட்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் விழித்திருப்பது 1994இல் தெரியவந்தது. ஆராயப்பட்ட 101 கட்டி மாதிரிகளில் 90இல் அது இருந்தது. அதன் ஆர்.என்.ஏ. பகுதியில் உள்ள பழுது எலும்பு மஜ்ஜையைச் செயலிழக்கச் செய்யும் பரம்பரை நோய் ஒன்றுக்குக் காரணம் என்பது 2001இல் வெளிப்பட்டது. பிளாக்பர்ன், கிரைடர், பிளாக்பர்னோடு சேர்ந்து டெலோமியரை ஆராய்ந்த ஜாக் சோஸ்டாக் மூவரும் 2009இல் நோபல் பெற்றார்கள்.

இனி மதிப்பீட்டாளரின் கேள்விக்கு வரலாம். இந்த டெலோமியர் ஆய்வை எலியில் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதற்கு ஊகம் தேவையில்லை, விடை தெரியும். 1997இல் டெலோமரேசின் ஆர்.என்.ஏ. மரபணு நீக்கப்பட்ட எலிகள் உருவாக்கப்பட்டன. முதல் தலைமுறை எலிகள் ஓடியாடித் திரிந்தன, குட்டி போட்டன. அந்தக் குட்டிகளும் குட்டி போட்டன. பழுதுகள் முழுமையாக வெளிப்பட ஆறாவது தலைமுறைவரை காத்திருக்க வேண்டியிருந்தது. காரணம், ஆய்வுக்கூட எலியின் டெலோமியர்கள் மனிதரின் டெலோமியர்களைவிடப் பல மடங்கு நீளமானவை. தேய்ந்து தீர்வதற்குத் தலைமுறைகள் ஆகும். இந்தக் கேள்வியை எலியிடம் மட்டும் கேட்டிருந்தவர், டெலோமரேஸ் அப்படியொன்றும் முக்கியமானதன்று என்று முடிவுகட்டிப் போயிருக்கவும் கூடும். பாலூட்டி என்ற உறவு எலிக்கு இருக்கிறது. முனைகள் தேயும் வேகத்தில் அந்த உறவு உதவவில்லை.

அந்த 10,000 குட்டிக் குரோமோசோம்களின் கதை இத்தோடு முடிந்துவிடவில்லை. கொலராடோவில் தாமஸ் செக் அதே மூலக்கூற்றை வேறு காரணத்துக்காக எடுத்துக்கொண்டார். டெட்ராஹைமீனாவின் ரைபோசோம் மரபணுவின் நடுவே, வெட்டி எறியப்பட வேண்டிய துண்டு ஒன்று இருக்கிறது. அதை வெட்டும் நொதிப் புரதத்தைப் பிடிப்பதுதான் அவருடைய நோக்கம். 10,000 நகல்கள் இருப்பதால் ஆர்.என்.ஏ. தாராளமாகக் கிடைக்கும் என்பது கணக்கு. புரதத்தை எவ்வளவு கழுவி நீக்கினாலும் ஆர்.என்.ஏ. தன்னைத் தானே வெட்டிக்கொண்டும் ஒட்டிக்கொண்டும் இருந்தது. நொதி என்றால் புரதம் என்ற பாடநூல் வரி 1982இல் அப்படித்தான் உடைந்தது. 1989இல் செக், ஆர்.என்.ஏ. நொதியாக வேலை செய்வதைத் தனியே கண்டறிந்த சிட்னி ஆல்ட்மன் இருவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. செக்கின் குழு பிறகு டெலோமரேசின் புரதப் பகுதியைத் தேடியபோது, டெட்ராஹைமீனாவையும் விட்டுவிட்டு, இன்னும் பல மடங்கு முனைகளைக் கொண்ட யூப்ளோட்டிஸ் என்னும் மற்றொரு குற்றிழை உயிரிக்குப் போனது. பற்றுதல் எதுவும் இல்லாமல் உளியை மாற்றிக்கொண்ட அந்தச் செயலை நான் மிகவும் மதிக்கிறேன். என்னால் அப்படி மாற முடியுமா என்று தெரியவில்லை. எட்டு ஆண்டுகளில் ஒரு பாசம் வந்துவிடுகிறது.

குற்றிழைகளை அசைக்கும் டைனீன் என்ற மோட்டார் புரதத்தை இயன் கிப்பன்ஸ் 1965இல் அடையாளம் கண்டதும் இதே உயிரியில்தான். குற்றிழைக்குள் கைகள்போல் நீண்டிருக்கும் அந்தப் புரதம் இல்லாமல் போவதே சிலருக்குத் தீராத மூச்சுக்குழல் தொற்றும் ஆண் மலட்டுத்தன்மையும் சேர்ந்து வரக் காரணம் என்று 1976இல் சுவீடனின் பியோர்ன் அப்சேலியஸ் காட்டினார். பேசாத சிறிய உட்கரு, பேசும் பெரிய உட்கரு என்ற இரட்டை அமைப்பை வைத்து, மரபணுக்களை விழிக்கச் செய்யும் நொதி ஒன்றை டேவிட் ஆலிஸ் 1996இல் பிடித்தார். இப்படி அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் வெற்றிகளை மட்டும் அடுக்குவது இத்துறையினரின் கெட்ட பழக்கம். நானும் விண்ணப்பத்தில் அதைத்தான் செய்திருந்தேன்.

தனி உயிரியோடு வாழ்வதற்கு ஒரு விலை உண்டு. எலியில் வேலை செய்பவருக்கு ஒரு புரதத்தைப் பார்க்க வேண்டுமென்றால், அதில் ஒட்டி அதை அடையாளம் காட்டும் எதிர்ப்பொருளைப் பட்டியலில் பார்த்து வாங்கிவிடலாம். எங்களுக்குப் பட்டியலே கிடையாது. மனிதப் புரதத்துக்காகச் செய்யப்பட்டதை வாங்கி, ஒட்டுமா ஒட்டாதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒட்டாது. நான் ஆய்வு மாணவனாகச் சேர்ந்த முதல் ஆண்டில், டெட்ராஹைமீனாவின் மரபணு ஒன்றை வழக்கம்போல் ஈ. கோலை பாக்டீரியாவில் செலுத்திப் புரதம் தயாரிக்க முயன்றேன். ஒவ்வொரு முறையும் புரதம் பாதியில் அறுந்த நிலையில் வந்தது. வெப்பத்தை மாற்றினேன், பாக்டீரியா வகையை மாற்றினேன், சிதைக்கும் நொதிகளைத் தடுக்கும் மருந்தைச் சேர்த்தேன். நான்கு மாதம் கழித்து, எங்கள் கூடத்துக்கு வந்திருந்த மூத்த ஆய்வாளர் ஒருவர் தேநீர் குடித்துக்கொண்டே "குறியீட்டை மாற்றினாயா?" என்று கேட்டார். மற்ற பெரும்பாலான உயிர்களில் 'நிறுத்து' என்று பொருள்படும் மூன்று மரபுக் குறியீடுகளில் இரண்டு, டெட்ராஹைமீனாவில் குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கும். பாக்டீரியா தன் அகராதிப்படி சரியாகவே படித்து, சரியாகவே நிறுத்தியிருந்தது. புத்தகத்தில் நான் அதைப் படித்து, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன் என்பதுதான் இதில் வெட்கக்கேடு.

கருவிகள் இல்லாததால் ஒரு நல்ல உயிரி எவ்வளவு காலம் கிடப்பில் கிடக்கும் என்பதற்குத் தட்டைப்புழு பிளனேரியாவே சாட்சி. தாமஸ் ஹன்ட் மார்கன் 1890களின் இறுதியில் அதை வெட்டி வெட்டிப் பார்த்து, உடலில் 279இல் ஒரு பங்கு அளவுள்ள துண்டுகூட முழுப் புழுவாக வளர முடியும் என்று கணக்கிட்டார். எப்படி வளர்கிறது என்று கேட்க அன்று வழியே இருக்கவில்லை. அவர் பழ ஈக்குப் போனார். மரபியலின் வரலாறு அந்தப் பக்கம் திரும்பியது. பிளனேரியாவில் விரும்பிய மரபணுவை அடக்கும் உத்தி 1999இல் வந்த பிறகுதான் மார்கனின் கேள்வியை மறுபடி எடுக்க முடிந்தது. இன்று உலகின் பல ஆய்வுக்கூடங்களில் வளரும் அந்தப் புழுக்களின் வம்சம், பார்சிலோனாவில் பயன்பாட்டில் இல்லாத ஒரு நீரூற்றிலிருந்து எடுத்துவரப்பட்டது. மார்கன் தவறு செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். பதில் சொல்ல முடியாத உயிரியை விட்டு விலகத் தெரிவதும் குரோக் சொன்னதன் மறுபக்கமே.

நம் பக்கத்து நிகழ்வு ஒன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் அருகிலிருந்த குகைகளின் வௌவால்களைக் கொண்டு உடலின் நாட்கடிகாரத்தை ஆராய்ந்தார்கள். பகலும் இரவும் தெரியாத, வெப்பமும் ஈரமும் அநேகமாக மாறாத குகை இருட்டு. அதுவே இயற்கை கட்டிவைத்த ஆய்வுக்கூடம். கூண்டில் அடைத்த வௌவாலை, தினமும் மாலையில் வெளியே பறந்து போய்த் திரும்பும் கூட்டத்தின் நடுவே வைத்தபோது, வெளிச்சத்தையே பார்க்காத அந்த வௌவாலின் கடிகாரம் கூட்டத்தின் நேரத்தோடு ஒத்துப்போனது. கூட்டம் இல்லாத குகையில் தனியே வைத்தபோது அதன் நாள் 24 மணி நேரத்திலிருந்து விலகித் தன்போக்கில் ஓடியது. 1981இல் வெளியான இந்த முடிவு, நேரம் சொல்ல ஒளி மட்டுமே வேண்டுமென்பதில்லை, சுற்றமும் போதும் என்பதை ஒரு பாலூட்டியிடம் காட்டியது. கூண்டெலியை வைத்துக்கொண்டு இதைக் கேட்டிருக்க முடியாது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடகர் பல பத்தாண்டுகள் கவனித்த ரொபாலிடியா குளவியும் அப்படியே. குளிர்நாடுகளின் காகிதக் குளவிக் கூடு குளிர்காலம் வந்தால் கலைந்துவிடும். தென்னிந்தியாவில் கூடு ஆண்டு முழுவதும் தொடர்வதால், நடுவிலேயே ராணி மாறும் காட்சியைப் பார்க்க முடிகிறது. ராணியை எடுத்துவிட்டால், சில நிமிடங்களில் வேலைக்காரக் குளவிகளில் ஒன்று ஆவேசம் கொண்டு மற்றவற்றைத் துரத்தும். அடுத்த ராணி அதுதான், மற்றவை எதிர்ப்பதில்லை. எது அந்தக் குளவி என்பது ராணி இருக்கும்வரை பார்ப்பவருக்குப் புலப்படாது.

ஆனாலும் எலியின் மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. கல்லீரலில் மருந்து எப்படிச் சிதையும், கருவில் இதயம் எப்படி மடங்கி உருவாகும், எதிர்ப்பாற்றல் செல்கள் கட்டியை எப்படித் தாக்கும் என்ற கேள்விகளுக்கு டெட்ராஹைமீனாவிடம் போய் நிற்பது கேலிக்குரியது. விசித்திரமான உயிரி என்பதாலேயே அதைக் கொண்டாடும் ஒரு போக்கு இப்போது வளர்ந்திருக்கிறது. அரிய விலங்கு ஒன்றின் மரபணுத்தொகுதியைப் படித்து வெளியிட்டுவிட்டு, அதனிடம் கேட்க ஒரு கேள்வியும் இல்லாமல் அடுத்த விலங்குக்குப் போய்விடுகிறார்கள். வரிசைப்படுத்தும் செலவு குறைந்ததன் பக்கவிளைவு அது. என் விண்ணப்பம் அந்த ரகத்தைச் சேர்ந்ததா என்று மதிப்பீட்டாளர் சந்தேகப்பட்டிருந்தால், அவர்மீது கோபப்பட நியாயமில்லை. குற்றிழைகள் உடையும்போது செல் அவற்றை எப்படி மீண்டும் வளர்க்கிறது என்பதுதான் நான் கேட்கும் கேள்வி. எலியின் மூச்சுக்குழலில் அதைப் பார்க்க ஓர் எலியைக் கொன்று, சில ஆயிரம் செல்களைச் சுரண்டி எடுக்க வேண்டும். இங்கே குடுவையிலுள்ள அத்தனை செல்களின் குற்றிழைகளையும் ஒரே நேரத்தில் உதிரச் செய்து, அவை மீண்டும் முளைப்பதைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு அளக்கலாம். இதை நான் அந்த 200 சொற்களின் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். சோயா மொச்சையில் தொடங்கியது என் பிழை.

திருத்திய விண்ணப்பத்தைப் போன மாதம் அனுப்பினேன். முடிவு இன்னும் வரவில்லை. எங்கள் அலமாரியில் 40 குழாய்கள் இருக்கின்றன; ஒவ்வொன்றிலும் ஒட்டியுள்ள காகிதத்தில் வகையும் தேதியும் எழுதியிருக்கும். பழைய குழாயில் நெடுங்காலம் விட்டுவைத்தால் பேசாத சிறிய உட்கரு சிதையத் தொடங்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது, நன்றாக நீந்தும், தின்னும், பெருகும், இணை சேர விட்டால் மட்டும் வழித்தோன்றல் இராது. அதனால் தேதியைப் பார்த்துப் புதுக் குழாய்க்கு மாற்ற வேண்டும். 17ஆம் எண் குழாய்க்கு நாளை முறை. மொச்சையை இன்று இரவே ஆவியில் வைத்துவிட வேண்டும்.